குறட்டையை ஆழ்ந்த உறக்கம் என்று நம்பாதீர்கள்

"அசந்து உறங்குகிறார், எழுப்பாதே" என்று எங்கள் வீட்டில் பல வருடங்கள் சொல்லிவந்தோம். அத்தான் லோடு லாரி ஓட்டுபவர். தூத்துக்குடிக்கும் நெல்லைக்குமாக நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தால், அவருடைய குறட்டை வளவின் கடைசி வீடு வரை கேட்கும். உழைத்த உடம்பு அப்படித்தான் உறங்கும் என்று நினைத்தோம். ஒருநாள் மதியம் நாங்குநேரியைத் தாண்டி நான்குவழிச் சாலையில் கண் சொக்கி, லாரி நடுத்தடுப்பில் ஏறி நின்றது. அவர் பிழைத்தது பெரும்பாக்கியம். முந்தின இரவு எட்டு மணி நேரம் படுத்திருந்தவர் அவர்.

எட்டு மணி நேரம் படுத்திருந்தார்; உறங்கவில்லை. உறக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்கின்றன, நாக்கு பின்னால் சரிகிறது. குறுகிய வழியில் காற்று உரசும்போது எழுவதுதான் குறட்டை. சிலருக்கு அந்த வழி முழுக்க அடைத்துக்கொள்கிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை திடுக்கிட்டு உடம்பை உசுப்புகிறது. ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்புகிறது. இதற்கு உறக்க மூச்சுத்தடை என்று பெயர். மூச்சு நிற்பதும் பெரிதும் குறைவதுமாக மணிக்கு ஐந்து முறைக்கு மேல் நடந்தால் நோயின் தொடக்கம், முப்பதைத் தாண்டினால் கடுமை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மணிக்கு முப்பது என்றால் ஏழு மணி நேரத்தில் 210 முறை. அத்தனை முறை உசுப்பப்பட்டவருக்குக் காலையில் ஒன்றுகூட நினைவிருக்காது.

ஆகவே நோயாளியைத் தனியாக மருத்துவரிடம் அனுப்புவது பெரிய தவறு. அத்தான் இரத்த அழுத்தத்துக்கு மூன்று வருடமாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார், அழுத்தம் இறங்கவே இல்லை. "நன்றாக உறங்குகிறீர்களா?" என்று கேட்டபோதெல்லாம் "நன்றாக உறங்குகிறேன்" என்றே சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் அக்கா. விபத்துக்குப் பிறகுதான் அவள் வாய் திறந்தாள்: "மூச்சு நின்றுபோகும். நான் பக்கத்தில் எண்ணிக்கொண்டு கிடப்பேன். பதினைந்து, இருபது, இருபத்தைந்து... பிறகு திணறிக்கொண்டு வரும்." புருஷனின் குறட்டையை டாக்டரிடம் போய்ச் சொல்வதா என்ற கூச்சம் அவளை வருடக்கணக்கில் அடக்கி வைத்திருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை முன்பே சொல்லியிருந்தால் என்று இன்றும் என் மனம் அடித்துக்கொள்கிறது. பக்கத்தில் படுப்பவர்தான் இந்த நோயின் முதல் சாட்சி. அவரையும் அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் இரவுச் சத்தத்தைச் செல்பேசியில் பதிந்துகொண்டு போங்கள்.

பகலில் தெரியும் அடையாளங்களையும் நாம் வேறு கணக்கில் எழுதிவிடுகிறோம். காலைத் தலைவலியைப் பித்தம் என்கிறோம். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவதைச் சர்க்கரை என்றோ வயது என்றோ முடிவு கட்டுகிறோம். மறதியையும் எரிச்சலையும் அவருடைய சுபாவம் என்கிறோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தலை சாய்வதைச் சாப்பாட்டு மயக்கம் என்கிறோம். சர்க்கரையாகவும் இருக்கலாம், சோதித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் குறட்டையும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இருக்கையில் அமர்ந்ததும் கண் சொக்குபவர், சிகிச்சை பலன் தரும் வரை வண்டி ஓட்டக் கூடாது. பிழைப்பு போகிறதே என்பார்கள். அந்தச் சாலையில் எதிரே வருபவருக்கும் வீடு இருக்கிறது.

பருமனானவர்களுக்கு மட்டுமே வரும் என்பதும் தவறு. பருத்த கழுத்தும் தொந்தியும் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் தாடை சிறுத்தோ பின்வாங்கியோ இருக்கும் ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாய்ப்பு அதிகரிக்கிறது. அவர்கள் பெரும்பாலும் "அசதியாக இருக்கிறது" என்று மட்டும் சொல்வதால் கண்டுபிடிக்கப்படாமலே போகிறார்கள். குழந்தை தினமும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு விட்டு, வகுப்பில் கவனமில்லாமல் இருந்தால் அடிக்காதீர்கள். டான்சிலும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டும் வீங்கியிருக்கின்றனவா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைவைத்தியத்தில் சில கேடானவை. மூக்கில் எண்ணெய் விட்டுக்கொள்வது அவற்றில் ஒன்று: எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அழற்சி உண்டாகும். வாயை டேப்பால் ஒட்டுவதும் ஆபத்து. மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, மூச்சு நிற்கும் நேரத்தை நீட்டக்கூடும். உறக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் குறட்டையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இது.

பலன் தருபவை எளியவை: ஒருக்களித்துப் படுப்பது, எடையைக் குறைப்பது, மூக்கடைப்பைச் சரிசெய்வது. மிதமான நோய்க்குப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும், கீழ்த்தாடையை முன்னிழுக்கும் கருவியும் உண்டு. நோய் எவ்வளவு என்பதை ஓர் இரவு முழுக்க மூச்சையும் ஆக்சிஜனையும் பதியும் உறக்கப் பரிசோதனை காட்டும். கடுமையென்றால் முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் இயந்திரம். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் குழுவினரும் அறிமுகப்படுத்திய அதுதான் இன்றும் முதல் சிகிச்சை.

அதிலும் தவறுகள் நடக்கின்றன. வேறொருவரின் பழைய இயந்திரத்தை வாங்கி அதே அழுத்தத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அல்லது சித்திரை வெயிலில் முகம் புழுங்குகிறது என்று ஒரே வாரத்தில் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அத்தானும் பத்தாம் நாள் கழற்றி வைத்தார். முகமூடியின் அளவுதான் கோளாறு. மூக்கை மட்டும் மூடும் சிறியதாக மாற்றியதும் பழகிவிட்டது. மாட்டியிருக்கும் வரைதான் அது வேலை செய்யும், நோயைப் போக்கிவிடாது. கரண்ட் போகும் இரவுகளுக்காக இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறோம். குற்றாலத்துக்குச் சாரல் குளிக்கப் போனாலும் அக்கா துண்டுகளுக்கு முன்னால் அந்தப் பையைத்தான் வண்டியில் ஏற்றுகிறாள்.