வெள்ளைத் துண்டு சாம்பலான கதை

வீட்டுக்குள் கண்ணில் படும் அழகை மட்டும் தினம் ஒரு படம் எடுப்பது என்று 30 நாள் சவால் வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் வெள்ளைச் சுவரோரம் மடித்துவைத்த வெள்ளைத் துண்டு. மடிப்புக்குள் நீலம் பாய்ந்த மெல்லிய நிழல். படத்திலோ எல்லாம் அழுக்குச் சாம்பல். லென்ஸைத் துடைத்தேன். படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வெண்சமநிலையை (white balance) மாற்றினேன். விளக்கைப் போட்டேன், நிழலே ஓடிவிட்டது. மூன்று நாள் வீண், எரிச்சல் வேறு.

பழைய படங்களைப் புரட்டும்போதுதான் உறைத்தது: இரண்டாம் நாள் சட்டகம் நிறைய எடுத்த கறுப்புக் குடையும் அதே சாம்பல்! கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி, எதிரில் இருப்பது எதுவானாலும் நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். படத்தை வேண்டுமென்றே கூட்டியோ குறைத்தோ வெளிச்சமாக்கும் ஒளியளவுத் திருத்தத்தை (exposure compensation) +1 ஆக்கினேன். துண்டு வெளுத்தது, நீல நிழலும் தங்கியது. குடைக்கு -1 வைத்து மறுபடி எடுத்தேன்.