பைப்புக்குள் ஒயர் இழுக்கும் முறை

முதலில் மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்து, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

ஒயர் சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் நெரிசல். மூன்று அல்லது அதற்கு மேல் ஒயர் போனால், அவற்றின் மொத்தப் பரப்பு பைப்பின் உள் குறுக்குவெட்டுப் பரப்பில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்விட்டம் 20 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 314 ச.மி.மீ.; அதில் 40 சதவீதம் சுமார் 126. இன்சுலேஷனோடு (மேலுறையோடு) 4 மி.மீ. விட்டமுள்ள ஒயர் ஒன்றுக்கு 12.6 ச.மி.மீ. வேண்டும். ஆக, 10 ஒயர்தான். இடம் இருப்பதுபோலத் தோன்றினாலும் பதினொன்றாவதை நுழைக்காதீர்கள்: நெருக்கி அடைத்தால் சூடு வெளியேறாது, இன்சுலேஷனும் உரசிக் கிழியும்.

இரண்டு பாக்ஸ்களுக்கு (ஒயர்களை வெளியே எடுத்து இணைக்கும் பெட்டிகளுக்கு) நடுவே நான்கு 90 டிகிரி வளைவுகளுக்கு மேல் இருந்தால் இடையில் இன்னொரு பாக்ஸ் வைத்தே ஆக வேண்டும்.

ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கை (முனையில் கொக்கியுள்ள, வளையக்கூடிய நீளக் கம்பி) பைப்புக்குள் விட்டு மறுமுனை வரை தள்ளுங்கள். எல்லா ஒயரையும் ஒரே தடவையில் இழுப்பதே நல்லது; பிறகு ஒன்றைச் சேர்க்கப்போனால் அது பழைய ஒயர்களை அறுக்கும். முனைகளை ஒரே இடத்தில் கட்டினால் முடிச்சு பருத்து, வளைவில் மாட்டும். படிப்படியாக முன்பின்னாக வைத்து, ஸ்பிரிங் கொக்கியில் செம்பை மடித்து, கூம்பு வடிவில் டேப் சுற்றுங்கள்.

ஒயர் இழுப்பதற்கென்றே விற்கும் வழுக்குப் பசையைத் தடவுங்கள். எண்ணெயும் கிரீஸும் வேண்டவே வேண்டாம், பிவிசி கெட்டுவிடும்.

ஒருவர் இழுக்க, மற்றவர் ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் உள்ளே தள்ள வேண்டும். சிக்கினால் பலம் காட்டாதீர்கள். அரையடி பின்வாங்கி மறுபடி இழுங்கள். ஒவ்வொரு பாக்ஸிலும் 15 செ.மீ. மிச்சம் விட்டு வெட்டுங்கள். இணைப்புக் கொடுக்கும் முன் ஒயர்களுக்கிடையே இன்சுலேஷன் சோதனை (மேலுறை வழியே மின்சாரம் கசிகிறதா என்ற சோதனை) செய்துவிடுங்கள்.