வளரும் நகருக்கு இருபது ஆண்டுப் போக்குவரத்துத் திட்டம் வரைவது எப்படி? ஓசூரை வைத்து ஒரு செய்முறை

ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது. 2001 கணக்கெடுப்பில் சுமார் 84 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 2011-இல் 1 லட்சத்து 16 ஆயிரத்தைத் தாண்டியது. ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஆகிய பகுதிகளும் நகர எல்லைக்குள் சேர்ந்தன. இவ்வளவு வேகமாக வளரும் ஊரில் நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டம் என்பது, நாளைய சாலைக்கான நிலத்தை இன்றே காப்பாற்றி வைப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து. வார்டு உறுப்பினர்களும் குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் நகரமைப்பு படிக்கத் தொடங்கும் மாணவர்களும் இந்த வேலையில் பங்கெடுக்க வேண்டும் என்பதற்காகவே கீழ்க்காணும் படிகளை எழுதுகிறேன்.

முதல் படி: எல்லையை வரையுங்கள்

மாநகராட்சி எல்லையைத் திட்ட எல்லையாகக் கொள்ளாதீர்கள். சூளகிரியிலிருந்து சிப்காட்டுக்கு வேலைக்கு வருபவரும், தேன்கனிக்கோட்டையிலிருந்து காய்கறி ஏற்றி வருபவரும், மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குத் தினமும் போய்வருபவரும் உங்கள் சாலையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களின் பயணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுவரை கோடு போடுங்கள். பிறகு அந்தப் பரப்பைச் சிறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள வீடுகள், வேலையிடங்கள், பள்ளிகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எண்ணுங்கள்

இதில் அவசரம் கூடாது. பாகலூர் சாலை, தளி சாலை, ராயக்கோட்டை சாலை போன்ற ஊர் நுழைவுகளில் ஒரு திசைக்கு ஒருவராக நின்று, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தாள் வீதம் எண்ண வேண்டும். தாளில் இருசக்கர வண்டி, கார், ஆட்டோ, பேருந்து, லாரி, மிதிவண்டி எனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கட்டும். ஒரு வண்டிக்கு ஒரு கோடு; நான்கு கோடு நிறைந்ததும் குறுக்கே ஐந்தாவது கோடு. தொழிற்சாலை ஊரில் காலை எட்டு மணி மட்டும் நெரிசல் நேரம் அல்ல; ஷிப்ட் மாறும் நேரங்களிலும் கம்பெனி பஸ்கள் வரிசையாக இறங்கும் என்பதால், அந்த நேரங்களையும் விடாமல் எண்ணுங்கள். நடந்து போகிறவர்களுக்கும் ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். எண்ணப்படாதவர்களுக்கு நடைபாதை கிடைப்பதில்லை.

எண்ணிக்கையை அப்படியே கூட்டக் கூடாது. சாலையில் வண்டி அடைக்கும் இடத்தைக் கொண்டு, அது எத்தனை கார்களுக்குச் சமம் என்று பார்த்து, கார் அலகாக மாற்ற வேண்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1990-ஆம் ஆண்டு நகரச் சாலை வழிகாட்டியின்படி (எண் 106), ஒவ்வொரு வகையும் மொத்தத்தில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும்போது, காருக்கு 1, இருசக்கர வண்டிக்கு 0.75, ஆட்டோவுக்கு 2, பேருந்து அல்லது லாரிக்கு 3.7 எனக் கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாலையில் ஒரு மணி நேரத்தில் 600 இருசக்கர வண்டிகள், 200 கார்கள், 100 ஆட்டோக்கள், 30 பேருந்துகள், 70 லாரிகள் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,220 கார் அலகுகள். அதில் பேருந்துகளின் பங்கு 111 மட்டுமே, அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. இனி ஆட்களைக் கணக்கிடுங்கள்: இருசக்கர வண்டிக்குச் சராசரி ஒன்றரைப் பேர், காருக்கு இருவர், ஆட்டோவுக்கு மூவர், பேருந்துக்கு ஐம்பது பேர் எனக் கொண்டால், லாரிகள் நீங்கலாக 3,100 பேர் போகிறார்கள், அவர்களில் 1,500 பேர், ஏறத்தாழப் பாதிப் பேர், பேருந்தில் இருக்கிறார்கள். 2006-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களுக்கு அல்ல, மக்களுக்கே சாலையில் இடம் ஒதுக்க வேண்டும் என்று சொல்வதன் பொருள் இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரியும்.

மூன்றாம் படி: இருபது ஆண்டுக்கு நீட்டுங்கள்

போக்குவரத்து ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால் இருபது ஆண்டில் 2.65 மடங்காகும், மேற்கண்ட 1,220 அலகுகள் சுமார் 3,240 ஆகிவிடும். அதே வழிகாட்டியின்படி இருவழித்தடப் பிரதானச் சாலை மணிக்கு 1,500 அலகுகளையும், நடுத்தடுப்பு இல்லாத நான்கு வழித்தடச் சாலை 3,000 அலகுகளையும்தான் தாங்கும். இந்த இடத்தில் பலரும் உடனே அகலப்படுத்தலுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் வேறொரு கணக்கையும் போடுங்கள். கூடுதலாக வரவிருக்கும் இருசக்கர வண்டி, கார் பயணங்களில் பாதியைப் பேருந்துக்கு மாற்ற முடிந்தால், இன்னும் 22 பேருந்துகளைச் சேர்த்த பிறகும் மொத்தம் சுமார் 2,780 அலகுகளில் அடங்கிவிடும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், பேருந்து வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேருந்து அடிக்கடி வருகிறதா என்பதே கேள்வி.

உறுதியாகாத பெருந்திட்டங்களுக்கு இரண்டு கணக்குகள் வைத்திருங்கள். ஓசூரில் விமான நிலையம் அமையும் என்று 2024-இல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.  அந்த விமான நிலையம் வந்தால் ஒரு கணக்கு, வராவிட்டால் ஒரு கணக்கு. இரண்டிலும் தேவைப்படும் சாலைகளே முதலில் செய்ய வேண்டியவை.

நான்காம் படி: நிலத்தைக் காப்பாற்றுங்கள்

திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இணைப்புச் சாலைக்கு வரைந்த கோட்டினை 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) சேர்க்க வேண்டும். ஆனால் ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை மூன்று ஆண்டுகளுக்குள் எடுக்கப்படாவிட்டால், அந்த நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே நாற்பது சாலைகளை வரைந்து வைப்பதைவிட, பணம் ஒதுக்க முடிந்த நான்கைந்தை முதலில் எடுத்துக்கொள்வது மேல். மனைப்பிரிவு அனுமதியும் ஒரு நல்ல வாய்ப்பு: மனைப்பிரிவுச் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு வந்து சேர்கின்றன. அடுத்தடுத்த மனைப்பிரிவுகளின் சாலைகள் ஒரே கோட்டில் சேரும்படி அனுமதியின்போதே பார்த்துக்கொண்டால், முட்டுச் சந்துகளாகப் போயிருக்க வேண்டியவை இணைப்புச் சாலையாகிவிடும்.

கோடு வரையும்போது ஏரிகளையும் யானை வழிகளையும் முதலில் குறியுங்கள். ராகி அறுவடைக் காலத்தில் சானமாவுக் காட்டுப் பக்கம் யானைக் கூட்டங்கள் வருவது இப்பகுதியினர் அறிந்ததே. அந்த வழியில் புறவழிச்சாலை போட்டால் மனிதர், யானை என இரு தரப்பிலும் உயிர் போகும்.

ஐந்தாம் படி: பதிவு செய்யுங்கள்

வரைவுத் திட்டம் வெளியாகும்போது ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் கோரப்படும். பொதுவாக "சாலை வசதி வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. எந்தச் சர்வே எண்ணிலிருந்து எந்தச் சர்வே எண் வரை, எத்தனை மீட்டர் அகலம் என்று எழுதி, எண்ணிய தாள்களின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூலத்தாள்களைச் சங்கத்திலேயே வைத்திருங்கள். ஐந்தாண்டு கழித்து அதே இடத்தில், அதே மாதத்தில் மறுபடி எண்ணும்போது ஒப்பிட அவை வேண்டும்.