கேலன்டி ஜீன்களின் வம்சாவளியைத் தேடுவது எப்படி

புரதத்தின் செரின், திரியோனின் என்ற அமினோ அமிலங்களின் மேல் முதல் சர்க்கரையை ஒட்டவைக்கும் கேலன்டி (GALNT) என்சைம்களுக்கு மனிதரில் 20 ஜீன்கள் இருக்கின்றன, எது எதற்கு நெருங்கிய உறவு என்று பார்க்க புரத வரிசை மட்டும் போதாது.

முதலில் என்செம்பிள் என்ற ஜீன் தரவுத்தளத்தில் இருந்து புரத வரிசையையும் எக்ஸான் (ஆர்என்ஏவில் வெட்டப்படாமல் தங்கும் ஜீன் துண்டு) எல்லைகளையும் எடுங்கள். அப்புறம் வினையை நடத்தும் வினையூக்கப் பகுதியை மட்டும் வெட்டி, எல்லா வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒப்பிடுங்கள். சவ்வில் செருகியிருக்கும் தொடக்கப் பகுதி ரொம்பவே மாறிப்போயிருக்கும், அதைச் சேர்த்தால் வம்சாவளி மரம் கெட்டுவிடும். அஸ்பார்டேட், ஏதோ ஒன்று, ஹிஸ்டிடின் என்று வரும் மூன்றெழுத்து எல்லா வரிசைகளிலும் ஒரே நேராக நிற்கிறதா பாருங்கள். நிற்கவில்லையென்றால் திரும்பச் செய்யுங்கள்.

சரி, இப்போதுதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு இன்ட்ரானும் (எக்ஸான்களுக்கு நடுவே இருந்து, ஆர்என்ஏவில் வெட்டி எறியப்படும் துண்டு) எந்த அமினோ அமிலத்தில், அதற்கான மூன்றெழுத்துக் கோடானின் எந்த எழுத்துக்குப் பின் வெட்டுகிறது என்று அந்த ஒப்பீட்டின் மேலேயே குறியுங்கள். கேலன்டி3 குரோமோசோம் 2-லும் கேலன்டி6 குரோமோசோம் 12-லும் கிடந்தாலும் வெட்டுகள் ஒத்துப்போகும், ஒரே மூதாதை ஜீன் இரட்டித்ததற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை. கேலன்டி4-இன் புரதக் குறியீடு முழுக்க ஒரே எக்ஸானில் இருக்கிறது, அதன் நெருங்கிய உறவான கேலன்டி12-இல் பல எக்ஸான்கள். இப்படி வந்தால் இன்ட்ரான்கள் வெட்டப்பட்ட ஆர்என்ஏ வழியாக டிஎன்ஏவுக்குத் திரும்பி வந்த நகலோ என்று சந்தேகப்படுங்கள்.