குழந்தைகள் இல்லத்தின் மாதச் செலவைக் குறைக்கும் உதவி: திட்டமிடுவது எப்படி?

தமிழ்நாட்டில் குழந்தைகள் இல்லம் ஒன்றின் அன்னதானப் பதிவேட்டைப் புரட்டினால், ஞாயிற்றுக்கிழமைகளும் பண்டிகை நாட்களும் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். பிறந்தநாள், திதி, திருமண நாள் என்று மதியச் சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை உப்புமாவுக்கான ரவை, அதைக் கிளற எரிவாயு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், சமையல்காரம்மாவின் சம்பளம் இவையெல்லாம் யாருடைய பிறந்தநாளுக்கும் வருவதில்லை. நிலைத்து நிற்கும் உதவி என்றால், திரும்பத் திரும்ப வரும் இந்தச் செலவுகளில் ஒன்றைக் குறைப்பதுதான். அதை நடத்த ஆளும், பழுது பார்க்கப் பணமும் இல்லத்திலேயே இருக்க வேண்டும். கீழே வரும் கணக்குகள் 40 குழந்தைகளும் 6 பணியாளர்களும் உள்ள இல்லத்தை மனதில் வைத்துப் போட்டவை.

முதலில் காகிதங்கள்

பதிவுச் சான்றைக் கேளுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் இல்லம், இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015, பிரிவு 41-ன் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். சான்று 5 ஆண்டுகளுக்குச் செல்லும், தேதியைப் பாருங்கள். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்கிறது பிரிவு 42. அறக்கட்டளைப் பத்திரமும் வருமானவரிச் சான்றும் இதற்கு ஈடாகாது. சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேரில் கேட்டுவிடலாம். குழந்தைகள் ஒவ்வொருவரும், இதே சட்டப்படி மாவட்டத்தில் அமைந்த குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில்தான் அங்கே இருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். "நேராக வந்து சேர்த்துவிட்டார்கள்" என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. இல்லத்தில் வைப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ பாட்டியோ இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கிறது. "ஒரு குழந்தைக்கு மாதம் இவ்வளவு" என்று தலைக்கணக்கில் கொடுத்தால், குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் இல்லத்துக்கு வருமானம் குறைகிறது. உங்கள் பணம் குழந்தைகளின் எண்ணிக்கையோடு ஏறி இறங்கக் கூடாது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில், தகுதியுள்ள குழந்தை குடும்பத்தோடு வாழ மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. அதற்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ்களோடு அலைய ஒரு சமூகப் பணியாளரின் சம்பளத்தை நீங்கள் ஏற்பது, எந்தக் கட்டடத்தையும்விடப் பெரிய உதவியாக இருக்கலாம்.

பன்னிரண்டு மாத ரசீதுகள்

திட்டம் எதுவென்று முடிவு செய்யும் முன், போன 12 மாதங்களுக்கான எரிவாயு, மின்சாரம், தண்ணீர், காய்கறி, பால், முட்டை ரசீதுகளை வாங்கி ஒரே தாளில் எழுதுங்கள். ஒரு மாதக் கணக்கு போதாது. பள்ளி விடுமுறை மாதத்தில் மூன்று வேளையும் இல்லத்திலேயே சமையல், பள்ளி நாட்களில் மதியம் பலருக்குச் சத்துணவு. கட்டடம் சொந்தமா வாடகையா என்று கேளுங்கள். வாடகை என்றால் தரையில் பதிக்கும், கூரையில் பொருத்தும் எதையும் செய்யாதீர்கள்.

இந்தத் தாள் சில ஆசைகளை அங்கேயே முறித்துவிடும். கோழிப் பண்ணை அதில் ஒன்று. தினமும் 40 முட்டை வேண்டுமானால், சராசரி 80 சதவீத முட்டையிடலில் 50 கோழிகள் தேவை. கோழிக்கு நாளொன்றுக்கு 110 கிராம் வீதம் 5.5 கிலோ தீவனம். அதாவது முட்டைக்குக் கிட்டத்தட்ட 140 கிராம். உங்கள் ஊரில் சில்லறையில் கிடைக்கும் முட்டைக்கோழித் தீவனத்தின் கிலோ விலையை 0.14-ஆல் பெருக்குங்கள். 30 ரூபாய் என்றால் 4.20, 40 ரூபாய் என்றால் 5.60. இது தீவனத்துக்கு மட்டும். கோழி வாங்கிய விலை, ராணிக்கெட் என்ற கோழி நோய்க்குத் தடுப்பூசி, சாகும் கோழிகள் எல்லாம் தனி. இதை நாமக்கல் பண்ணை விலையோடு ஒப்பிட்டால், மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்கும் இல்லம் லட்சக்கணக்கில் கோழி வைத்திருப்பவரோடு போட்டி போட முடியாது என்பது விளங்கும். முட்டையை மொத்த விலைக்கு வாரம் ஒருமுறை கொண்டுவர ஏற்பாடு செய்தால் போதும்.

குடிநீருக்கு ஆர்.ஓ. (நீரில் கரைந்த உப்பை நீக்கும்) கருவி வாங்கித் தரும் ஆசையும் இப்படித்தான். பல இல்லங்களின் வராந்தாவில் நன்கொடையாளர் பெயரோடு ஒரு கருவி நிற்கும், உள்ளே வடிகட்டி அடைத்துப்போயிருக்கும். முதலில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்கது. அதற்குள் இருந்து, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவையும் வரம்புக்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையே இல்லை, தொட்டியைக் கழுவிக் குளோரின் போடுவதோ புற ஊதா வடிகட்டியோ போதும். உப்பு அதிகம் என்றால் மட்டும் ஆர்.ஓ. வாங்குங்கள், அதோடு மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து வாங்குங்கள். கழிவாக வெளியேறும் நீருக்குக் கழிப்பறைத் தொட்டி வரை குழாய் போட்டுவிடுங்கள்.

எரிவாயு: சாண எரிவாயுக் கலன்

சாணமும் சமையலறைக் கழிவும் உள்ளே புளித்து எரிவாயு தரும் மூடிய தொட்டிதான் இந்தக் கலன். இதில் உண்மையான மிச்சம் இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. 46 பேருக்குச் சமைக்க நாளுக்கு ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு கிலோ எல்பிஜி ஆகும். 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து நாள் ஓடும். சமையலறைக் கழிவு 10 கிலோ கிடைத்தால் ஒரு கனமீட்டர் வாயு வரும். மாட்டுச் சாணம் 25 கிலோவுக்கு இன்னொரு கனமீட்டர். ஒரு கனமீட்டர் சாண எரிவாயு 0.43 கிலோ எல்பிஜிக்குச் சமம். ஆக, இரண்டும் சேர்ந்தால் மாதம் சுமார் 26 கிலோ, அதாவது ஒன்றே கால் சிலிண்டருக்கு மேல் மிச்சம். பால் காய்ச்ச, சாம்பார் கொதிக்க, தாளிக்க ஒரு அடுப்பு நான்கு மணி நேரம் எரியும். 46 பேருக்கான சோறு இதில் வேகாது. அதற்கு எல்பிஜியே இருக்கட்டும்.

கலனுக்கு முன், பெரிய பிரஷர் குக்கர் இரண்டு வாங்கிக் கொடுங்கள், அடுப்பைச் சரிபார்க்க ஆள் அனுப்புங்கள், பருப்பை ஊறவைக்கச் சொல்லுங்கள். சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கருகினால் எரிவாயு வீணாகிறது என்று பொருள். செலவு குறைந்த இந்த வேலையைச் செய்யாமல் கலன் கட்டினால் கணக்கு நேராகாது.

கலனின் அளவு: 10 கிலோ கழிவு, 25 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு 70 லிட்டர் கரைசல். அது உள்ளே 40 நாள் தங்க வேண்டும். எனவே 2,800 லிட்டர். 3,000 லிட்டர் கலனாக வாங்கலாம். வெயில் படும் இடம், சமையலறைக்கு அருகில், கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் குறைந்தது 10 முதல் 15 மீட்டர் தள்ளி. குழாயை ஒரே சரிவாகப் போட்டு, மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் வால்வு வையுங்கள். வாயுவோடு வரும் ஈரம் குழாயின் பள்ளத்தில் தேங்கினால் சுடர் துள்ளித் துள்ளி எரிந்து அணையும். வாரம் ஒருமுறை அந்த வால்வைத் திறந்தால் சரியாகிவிடும். அடுப்பு சாண எரிவாயுவுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும்; எல்பிஜி அடுப்பின் துளை இதற்குச் சிறியது.

தொடக்கத்தில் புதுச் சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, வைக்கோலும் கல்லும் நீக்கி, கலனை நிரப்புங்கள். ஊசி போட்ட, மருந்து கொடுத்த மாட்டின் சாணம் வேண்டாம், நுண்ணுயிர்கள் செத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வாயு சேரும். முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, எரியாது, திறந்தவெளியில் வெளியேற்றிவிடுங்கள். எரிகிறதா என்று அடுப்பில் மட்டும்தான் பார்க்க வேண்டும். குழாய் முனையிலோ கலன் அருகிலோ தீக்குச்சி கிழிக்கவே கூடாது. நீலச் சுடர் வந்த பிறகு உணவுக் கழிவை நாளுக்கு ஒரு கிலோவில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு கிலோ கூட்டி, 10 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள்.

கலன்கள் பெரும்பாலும் சாவது அன்னதான நாளில்தான். மீந்த பிரியாணி முப்பது கிலோவை ஒரே நேரத்தில் உள்ளே கொட்டிவிடுவார்கள். எண்ணெயும் சோறும் வேகமாகப் புளித்து அமிலமாகும், வாயு தரும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் முடங்கும். புளித்த நாற்றம் அடித்து, சுடர் சிறுத்தால் இதுதான் காரணம். ஐந்து நாள் எதையும் போடாமல், பிறகு சாணக் கரைசல் மட்டும் ஊற்றி, கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்த்துப் பாருங்கள். அமிலத்தன்மை சோதிக்கும் (பி.எச்.) தாளில் 6.8-க்கு மேல் வந்ததும் மெதுவாக உணவு கொடுக்கலாம். விருந்து மிச்சத்துக்குத் தனியாக ஒரு மண்புழு உரக்குழி வைத்தால் சிக்கலே வராது, ஆனால் அதிலும் எண்ணெயையும் எலும்பையும் போடக் கூடாது.

எலுமிச்சைத் தோல், புளிச் சக்கை, முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார், வாழை இலை, சோப்பு நீர், பினாயில் எதுவும் கலனுக்குள் போகக் கூடாது. இதை எழுதி, கழிவு வாளிக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். வெளியே வரும் கரைசலைத் தண்ணீர் கலந்து முருங்கை, பப்பாளி, அகத்தி, கறிவேப்பிலைக்கு ஊற்றலாம். கலனைக் கவனிப்பது பெயர் குறித்த ஒரு பணியாளரின் வேலை, அதற்கு மாதம் ஒரு சிறு தொகை. சாணி கரைப்பதைக் குழந்தைகளின் வேலையாக்காதீர்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் தினமும் சாணம் தர ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இந்தத் திட்டத்தைக் கைவிடலாம்.

மின்சாரம்

கணக்கு எளிது. கூரையில் ஒரு கிலோவாட் சூரிய மின்பலகை நம் ஊரில் நாளுக்கு நான்கு யூனிட் தரும். சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். இரண்டு மாத ரசீதில் 700 யூனிட் வருகிறதென்றால் மூன்று கிலோவாட் போதும். வீடுகளுக்கான மத்திய அரசு மானியத்தை நம்பி அறக்கட்டளைக் கட்டடத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

தவறுவது மூன்று இடங்களில். மேல்நிலைத் தொட்டியின் நிழல் ஒரு பலகையின் ஓரத்தில் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தி சரியும். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை கூரையில் நிழல் எங்கே நகர்கிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். அடுத்தது, மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் வகை மின்தடையின்போது தானும் நின்றுவிடும்; இரவு விளக்குக்குத் தனியாகச் சிறு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். மூன்றாவது, உப்பு நீரால் பலகையைக் கழுவுவது. வெள்ளைப் படலம் படிந்து வெளிச்சத்தைத் தடுக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன், நல்ல தண்ணீரில் துடைக்கச் சொல்லுங்கள்.

பணம் எப்படிக் கொடுப்பது

முழுத் தொகையையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். வேலை தொடங்க ஒரு பங்கு, முடிந்து ஓடத் தொடங்கியதும் ஒரு பங்கு, ஆறு மாதம் தடையில்லாமல் ஓடியபின் மிச்சம். திட்டச் செலவில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை, முதல் மூன்றாண்டுகளுக்கு, பழுதுபார்ப்புக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பலகைகள் 25 ஆண்டு உழைக்கும், அதன் இன்வெர்ட்டர் அவ்வளவு நாள் உழைக்காது. எரிவாயுவில் மிச்சமாகும் பணத்தில் பாதியை இல்லமும் அதே கணக்கில் சேர்க்க ஒப்புக்கொண்டால் நான்காம் ஆண்டில் உங்களை எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

நன்கொடைக்கு வருமானவரிக் கழிவு (80ஜி) வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் கவனிக்க: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான், ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும். அதை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் பெறலாம். 2020 திருத்தத்துக்குப் பின், பதிவுள்ள ஒரு அமைப்பு வாங்கி மற்றொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது. ஊரில் இருக்கும் மைத்துனர் கணக்குக்கு அனுப்பி அவர் கையால் கொடுக்கச் சொல்வது இல்லத்தைத்தான் மாட்டிவிடும்.

திறப்பு விழாவில் குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்து எடுக்கும் படத்தை எங்கும் போடாதீர்கள். அவர்களின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-ன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கலனையும் பலகையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, மாதம் ஒருமுறை இரண்டே எண்களைக் கேட்டு வாங்குங்கள்: சிலிண்டர் எத்தனை, மின்சாரம் எத்தனை யூனிட். முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு வைத்துப் பாருங்கள். மூன்று மாதம் தொடர்ந்து குறையவில்லை என்றால் கேட்க வேண்டியது இல்லத் தலைவரை அல்ல, சமையல்காரம்மாவை: அடுப்பு எரிகிறதா, யார் கழிவு போடுகிறார், எரிவாயுக் குழாயில் தேங்கிய நீரைக் கடைசியாக எப்போது வடித்தார்கள்.