கிரெப்பும் டிஃப்பும்: பிழைச்செய்தி வராத தவறுகள்

லினக்ஸில் கட்டளையின் பெயரைத் தப்பாக அடித்தால், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் உடனே சொல்லிவிடும். எந்தச் செய்தியும் காட்டாமல், பார்க்கச் சரியாகவே இருக்கும் தவறான விடைதான் ஆபத்து. கோப்புகளில் தேடும்போதும் ஒப்பிடும்போதும் இது அடிக்கடி நடக்கிறது.

கோப்பில் தேடும் கட்டளையான கிரெப்புக்கு நாம் கொடுப்பது வெறும் சொல் அல்ல, ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது சில குறிகளுக்குத் தனிப் பொருள் உள்ள தேடல் வடிவம். அதில் புள்ளி என்றால் எந்த ஓர் எழுத்தும் பொருந்தும். லாக் கோப்பில் 10.0.0.1 என்று தேடினால் 10502071 என்ற எண்ணும் சிக்கும், 10.0.0.15-உம் சிக்கும். பெரிய எழுத்து எஃப் ஆப்ஷன் கொடுத்தால் புள்ளி வெறும் புள்ளியாகிவிடும். முதல் எண் போய்விடும். ஆனால் 10.0.0.15 இன்னும் நிற்கும். அதையும் விலக்கச் சிறிய எழுத்து டபிள்யூ ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். தேடுவதை எப்போதும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லையென்றால் நட்சத்திரக் குறியையும் டாலர் குறியையும் கிரெப்புக்குப் போகும் முன்பே ஷெல் விரித்துவிடலாம். எண்ணிக்கைக்குச் சிறிய எழுத்து சி ஆப்ஷன் போதும் என்று நினைப்பதும் தவறு. அது வரிகளை எண்ணும். ஒரே வரியில் சொல் மூன்று முறை வந்தாலும் கணக்கு 1 தான்.

தமிழ்க் கோப்பில் தேடுவோர் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் கிரெப் பைட்டுகளைத்தான் பார்க்கிறது. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. தேடும் முன் கோப்பையும் தேடுசொல்லையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' என்ற எழுத்தையே அடித்திருந்தால் அந்த மாற்றமும் உதவாது. அது வேறு எழுத்து. இரு வடிவங்களையும் தனித்தனியாகத் தேட வேண்டியதுதான்.

இரண்டு கோப்புகளும் ஒன்றுபோலத் தெரிந்தும் எல்லா வரிகளும் வேறு என்று கோப்புகளை ஒப்பிடும் டிஃப் கட்டளை சொன்னால், முதலில் வரி முடிவைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸில் சேமித்த கோப்பின் ஒவ்வொரு வரி இறுதியிலும் பெரும்பாலும் கேரியேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டியிருக்கும். கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். அதே கட்டளை, எழுத்துகளை வேறு பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-16 குறியாக்கம் என்று சொன்னால், கிரெப் எதையும் கண்டுபிடிக்காததற்குக் காரணம் அதுதான். குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் கட்டளை கொண்டு யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டுத் தேடுங்கள்.

திரும்ப வரும் வரிகளை நீக்கும் யூனிக் கட்டளை, அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை மட்டுமே நீக்கும்; அதனால் முதலில் சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்த வேண்டும். இரு கோப்புகளின் பொதுவான வரிகளையும் தனி வரிகளையும் பிரித்துக் காட்டும் காம் கட்டளைக்கும் வரிசைப்படுத்திய கோப்புகள்தான் வேண்டும், அதுவும் எழுத்து வரிசையில். எண் வரிசையில் அடுக்கினால் 9-க்குப் பிறகு 10 வரும், எழுத்து வரிசையில் 10 முன்னால் வரும். எண் வரிசையில் உள்ளதைக் கொடுத்தால் பொதுவான வரிகளைக்கூட காம் தனித்தனி என்று காட்டிவிடக்கூடும். சார்ட்டுக்கும் காமுக்கும் லொகேல் (எழுத்து வரிசையைத் தீர்மானிக்கும் மொழி அமைப்பு) ஒன்றாக இருப்பதும் அவசியம்.

வரிசைப்படுத்தியதை > என்ற, வெளியீட்டைக் கோப்புக்கு அனுப்பும் குறியைப் போட்டு அதே கோப்பில் எழுதவே கூடாது. ஷெல் முதலில் கோப்பைக் காலியாக்கிவிட்டுத்தான் சார்ட்டை ஓட்டும். தரவு போனது போனதுதான். சார்ட்டின் சிறிய எழுத்து ஓ ஆப்ஷன் எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகே எழுதும் என்பதால் அதே கோப்பின் பெயரைத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஸ்கிரிப்டில் பயன்படுத்தும்போது, கட்டளை முடியும்போது திருப்பித் தரும் வெளியேறும் எண்ணைக் கவனியுங்கள். டிஃப் 0 தந்தால் கோப்புகள் ஒன்றே, 1 என்றால் வேறுபாடு உண்டு, 2 என்றால் கோளாறு. கிரெப்பில் 1 என்பது கிடைக்கவில்லை, 2 என்பது கோளாறு. பூச்சியம் அல்லாத எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால், பெயர் மாறிப்போன கோப்பைத் திறக்க முடியாத நிலையையும் உங்கள் ஸ்கிரிப்ட் 'சொல் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். 1-க்கும் 2-க்கும் தனித்தனிக் கிளை எழுதுங்கள்.