மாதிரியை வைத்து முழுமையை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனியன் ஏற்றுமதிக்கு முன் நடக்கும் இறுதிப் பரிசோதனையைத் திருப்பூரில் அறியாதவர் குறைவு. 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள ஒரு லாட்டிலிருந்து, வழக்கமான இரண்டாம் நிலைப் பரிசோதனையில் 125 பீஸ்களை எடுத்துப் பார்க்கிறார்கள். பையர் கேட்டது ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்றால், குறையுள்ளவை 7 வரை இருந்தால் லாட் தேறிவிடும். 8 ஆகிவிட்டால் திரும்பிவிடும். தேறிய லாட்டில் குறை 2.5 சதவீதத்தைத் தாண்டாது என்று இந்த எண்களைத் தரும் மாதிரி அட்டவணையைப் படிப்பவர்கள் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் 125-இல் 7 என்பதே 5.6 சதவீதம் ஆகிறது. புள்ளியியலாளர் வில்சன் 1927-இல் தந்த முறைப்படி 95% நம்பிக்கை இடைவெளியை, அதாவது மாதிரியைக் கொண்டு முழுமையின் மதிப்புக்குக் கணிக்கும் கீழ், மேல் எல்லைகளை, கணக்கிட்டால், முழு லாட்டின் குறை விகிதம் ஏறத்தாழ 2.7 முதல் 11.1 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வருகிறது. 2.5 சதவீதம் குறையுள்ள லாட் பெரும்பாலும் தேறிவிட வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்டது அந்த அட்டவணை. லாட்டை ஏற்பதா மறுப்பதா என்பதற்கு அது விடை தரும். லாட்டில் எவ்வளவு குறை உள்ளது என்பதற்கு விடை தராது.

குறையே தென்படாத மாதிரி இன்னும் ஏமாற்றும். 60 பீஸ் பார்த்து ஒன்றிலும் குறை இல்லை என்றால், பாடநூலில் முதலில் வரும் சூத்திரம் விகிதத்தையும் பூச்சியம், பிழை வரம்பையும் (மதிப்பீடு இருபுறமும் விலகக்கூடிய அளவு) பூச்சியம் என்று காட்டும். 60 பீஸைப் பார்த்து முழு லாட்டும் பழுதற்றது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இந்த நிலைமைக்கு எளிய வழி ஒன்று உண்டு: 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுத்தால், 95% நம்பிக்கையுடன் சொல்லத்தக்க மேல் எல்லை தோராயமாகக் கிடைத்துவிடும். 60 பீஸுக்கு அது 5 சதவீதம். குறைகள் மிகச் சிலவாக உள்ள இடங்களிலும் முதல் சூத்திரத்தை விட்டுவிட்டு வில்சன் முறையைக் கைக்கொள்வதே நல்லது.

இவையெல்லாம் சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறுகள், திருத்திக்கொள்வது எளிது. மாதிரியை எடுத்த விதத்தில் நேரும் தவறு அப்படிப்பட்டதன்று, அதைப் பின்னால் எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது என்பதே என் கருத்து. நம்பிக்கை இடைவெளி அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: சமவாய்ப்பு முறையில் (எல்லாவற்றுக்கும் தேர்வாகும் வாய்ப்பு ஒன்றுபோல இருக்கும்படி) எடுத்த மாதிரி, எடுக்கும்தோறும் தற்செயலாக எவ்வளவு மாறும் என்பதை. ஈரோட்டில் ஏலத்திற்கு வந்த மஞ்சள் மூட்டைகளில் வாயருகே இருப்பதை மட்டும் அள்ளிப் பார்த்தாலோ, கதவருகே அடுக்கிய அட்டைப்பெட்டிகளிலிருந்து மட்டும் பீஸ்களை எடுத்தாலோ, சூத்திரத்திற்கு அது தெரியாது. வழக்கம்போல ஒரு குறுகிய இடைவெளியைத் தந்துவிடும். கல்லூரித் திட்டப் பணிகளில் இதையே வேறு உருவில் காண்கிறோம். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்ட படிவத்திற்கு 400 பதில்கள் வந்ததும், பிழை வரம்பு 4.9 சதவீதம் என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். பதில் அளிக்காதவர்களைப் பற்றி அந்த 4.9 எதுவும் சொல்லவில்லை.

எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தக் கோணல் குறைந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு, இந்தியப் புள்ளியியல் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வயலில் சிறு பரப்புகளை மட்டும் அறுத்து எடைபோட்டு விளைச்சலை மதிப்பிட்டால், மதிப்பீடு உண்மையைவிடக் கூடுதலாக வருகிறது என்று புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே 1940-களில் காட்டினார். எல்லைக்கோட்டில் நிற்கும் செடிகளை உள்ளே சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அறுப்பவர்களுக்கு உண்டு. பரப்பு சிறியதாக ஆக, அந்தச் செடிகளின் பங்கு பெரிதாகிவிடுகிறது. ஆயிரம் துண்டுகளை இப்படி அறுத்தாலும் இடைவெளி மட்டும் சுருங்கும்; சுருங்கிய இடைவெளி தவறான இடத்திலேயே நிற்கும். வருமுன் காக்க வேண்டிய பிழை இது. லாட்டின் எல்லாப் பெட்டிகளுக்கும் எண் இட்டு, எந்தெந்த எண் என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே பெட்டியைத் தொட வேண்டும்.

கொத்தாக எடுத்த மாதிரியைத் தனித்தனியாக எடுத்ததுபோல் கணக்கிடுவது இதற்கு அடுத்த பெரிய தவறு. கண்ணில் படாமலே போய்விடுவது. 20 பனியன் கம்பெனிகளுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் 20 தொழிலாளர்களிடம், கூடுதல் நேர வேலைக்குக் கூலி கிடைக்கிறதா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை 400 ஆகிறது. ஆனால் ஒரே கம்பெனியில் வேலை செய்பவர்களின் பதில்கள் ஒன்றுபோல இருக்கும். முதல் ஐந்து பேரைக் கேட்டதுமே மற்றவர்கள் சொல்லப்போவதைப் பாதி ஊகித்துவிடலாம். இந்த ஒற்றுமையை அளக்கும் உள்தொடர்புக் கெழு 0.1 என்று கொண்டால், மதிப்பீட்டின் மாறுபாடு (திட்டப் பிழையின் வர்க்கம்) 1 + 19 × 0.1, அதாவது 2.9 மடங்காகிறது. ஆக 400 பேரின் பதில், தனித்தனியாகத் தேர்ந்த ஏறத்தாழ 138 பேரின் பதிலுக்கே சமம். பிழை வரம்பு 4.9 சதவீதமாக இல்லாமல் 8.3 சதவீதமாக உயர்கிறது. 40 கம்பெனிகளில் பத்துப் பத்துப் பேராகக் கேட்டிருந்தால் அலைச்சல் கூடியிருக்கும், ஆனால் விடையின் தரமும் கூடியிருக்கும்.

மாதிரி அளவைப் பற்றிய மூடநம்பிக்கைகளில் பழையது, பத்து சதவீதம் எடுத்தால் போதும் என்பது. 95% நம்பிக்கையும் 5 சதவீதப் பிழை வரம்பும் வேண்டுமென்றால், விகிதம் எவ்வளவு என்றே தெரியாத நிலையில் 0.5 என்று கொண்டு, 95% நம்பிக்கைக்கு உரிய எண்ணான 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் (0.5 × 0.5) பெருக்கி 0.05-இன் வர்க்கத்தால் வகுக்கிறோம், 384.16 கிடைக்கிறது, மேல்நோக்கி முழுதாக்கினால் 385. முழுமைத்தொகுதியில் 50 லட்சம் பேர் இருந்தாலும் 385 போதும். 50,000 பேர் என்றால் 382. 500 பேரே உள்ள சிற்றூரில் 218 தேவை. பத்து சதவீத விதிப்படி அந்தச் சிற்றூரில் 50 பேரை மட்டும் கேட்டால் பிழை வரம்பு 13 சதவீதத்தைத் தாண்டும். 50,000 பேர் உள்ள இடத்தில் அதே விதி 5,000 பேரைக் கேட்கச் சொல்லி நாளையும் பணத்தையும் வீணாக்கும். பிழை வரம்பைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதையும் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்: 2.5 சதவீதத்திற்கு 1,537 பேர்.

அந்த 385-ஐ எடுத்துவிட்டு, பிறகு பிரித்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. சோமனூர், பல்லடம், அவிநாசி, மங்கலம் என்று நான்கு ஊர்களின் விசைத்தறி உரிமையாளர்களாகப் பிரித்தால் ஊருக்கு 96 பேரே மிஞ்சுவார்கள். ஒவ்வொரு ஊரின் விகிதத்திற்கும் பிழை வரம்பு 10 சதவீதம் ஆகிவிடும். ஊர்வாரியாக முடிவு சொல்ல வேண்டுமென்றால் ஊர்வாரியாகவே மாதிரி அளவைக் கணக்கிட்டிருக்க வேண்டும்.

சராசரிக்கு வருவோம். நாமக்கல் பண்ணை ஒன்றில் 36 முட்டைகளை எடைபோட்டதில் சராசரி 53 கிராம், திட்ட விலக்கம் (தனித்தனி எடைகள் சராசரியிலிருந்து விலகும் அளவு) 4.2 கிராம் என்று கொள்வோம். சராசரியின் திட்டப் பிழை 4.2-ஐ 36-இன் வர்க்கமூலமான 6-ஆல் வகுக்க வரும் 0.7, இடைவெளி ஏறத்தாழ 51.6 முதல் 54.4 கிராம். பண்ணையின் நூறு முட்டைகளில் 95 இந்த எடைக்குள் இருக்கும் என்று இதைப் படிப்பது பெருந்தவறு. இந்த இடைவெளி எல்லா முட்டைகளின் சராசரியைப் பற்றியது. தனித்தனி முட்டைகளோ, எடைப் பரவல் இயல்நிலையில் (மணி வடிவில்) இருந்தால், ஏறக்குறைய 44.6 முதல் 61.4 கிராம் வரை பரவியிருக்கும். எடை வாரியாகத் தரம் பிரித்து வாங்கும் வியாபாரிக்குப் பின்னது வேண்டும். பண்ணையின் மொத்த எடையைக் கணிக்க நினைப்பவருக்கு முன்னது வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்தால் பேரமே தவறிப்போகும். 95 என்னும் எண்ணும் இந்த ஒரு இடைவெளியைக் குறித்ததன்று. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், கிடைக்கும் இடைவெளிகளில் நூற்றுக்கு 95 உண்மைச் சராசரியைத் தம்முள் கொண்டிருக்கும் என்பதே புள்ளியியலாளர் நெய்மன் 1937-இல் வகுத்த பொருள்.

மாதிரி மிகச் சிறிதாக இருக்கும்போது 1.96-ஐப் பயன்படுத்துவதும் தவறு. ஆறு மூட்டை விரலி மஞ்சளின் ஈரப்பதத்தை அளந்தால், ஐந்து வரையற்ற பாகைகளுக்கு (மாதிரி எண்ணிக்கையில் ஒன்று குறைவு) உரிய, சிறு மாதிரிகளுக்கான டி மதிப்பான 2.571-ஐ எடுக்க வேண்டும். இடைவெளி 31 சதவீதம் அகலமாகும். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய காசெட், சில அளவீடுகளையே வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்ததால்தான் 1908-இல் இதைக் கண்டு, ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் வெளியிட்டார்.

இரு இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் வேறுபாடு இல்லை என்று முடிவு கட்டுவதையும் தவிர்க்க வேண்டும். ஒரு தையல் யூனிட்டில் குறை 13 சதவீதம், மற்றொன்றில் 8 சதவீதம், இரண்டிற்கும் பிழை வரம்பு 3 என்றால், 10–16, 5–11 என்று இடைவெளிகள் படிகின்றன. ஆனால் வேறுபாட்டின் பிழை வரம்பு 3-இன் வர்க்கத்தையும் 3-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும் 4.2 ஆகும். எனவே 5 சதவீத வேறுபாட்டின் இடைவெளி 0.8 முதல் 9.2 வரை, பூச்சியம் அதில் இல்லை. வேறுபாடு உண்டு என்று சொல்லலாம். ஆயினும் அது 0.8 அளவுக்குச் சிறிதாகவும் இருக்கக்கூடும் என்பதால், ஆர்டரை அந்த யூனிட்டிலிருந்து பிடுங்கி வேறிடத்திற்குக் கொடுக்கும் முன் இன்னொரு மாதிரி எடுத்துப் பார்ப்பது முறை.